ஊசிக் கம்பியை முதலில் செய்தவள்

உலகத்தின் பழைய கண்டுபிடிப்புகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த பதிவு எந்திரத்தின் முன் கோகிலவாணி மூன்றாம் முறையாக நின்றாள். தையல் மிஷின் ஊசி விரலில் ஏறாமல் தடுக்கும் வளைகம்பி ஒன்று அவள் கையில் இருந்தது. புதியது என்று எந்திரம் முத்திரை குத்தாத எதையும் திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் மாட்ட விடமாட்டார்கள்.

அவள் முதலில் கொண்டுவந்த கம்பியை, இருநூறு வருடங்களுக்கு முன்பே எங்கோ ஒரு செருப்புத் தைப்பவர் செய்துவிட்டாராம். போன மாதம் அதை அடியோடு மாற்றிக் கொண்டுவந்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மறந்ததால் திருப்பிவிட்டார்கள். இன்று அதே கம்பி, கையெழுத்தோடு.

"இதையும் உங்களுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். கோகிலவாணி, திருப்பூர், போன மாதம்," என்றது எந்திரம்.

"அது நாந்தானுங்க!"

"அவர்தான் நீங்கள் என்பதற்கு அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து இல்லை."

பக்கத்தில் இருந்த குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "வரலாத்துல ஏறினா ஏறினதுதானுங்கம்மா. வேற மாதிரி செஞ்சு கொண்டாங்க."

"வெரலு அதே மாதிரிதானுங்களே இருக்குது!"

கம்பெனி வாசலில், கூடத் தைக்கும் மைனாவதி காத்திருந்தாள். ஊசி ஏறிய விரலின் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை; நாளைக்கு அதே மிஷினில் உட்கார வேண்டும்.

"கெடச்சுதா புள்ள?"

"இல்லக்கா. முன்னாடியே ஒருத்தி செஞ்சுட்டாளாம்."

"எவ அவ? எந்த ஊருன்னு சொல்லு, கால்ல விழுந்தாச்சும் கேட்டுப்போடலாம்."

கோகிலவாணி கம்பியைப் பைக்குள் திணித்தாள்.

"உம்முன்னாலதான்க்கா நிக்கறா. அவகிட்டக் கேட்டு ஒண்ணும் ஆகாது."