நாற்பது விநாடி

மொபைல் கடை விமலின் சட்டைக் காலரை மோகனப்ரியா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கண்ணாடிப் பெட்டியின் மேலிருந்த சார்ஜர்கள் சரிந்து தரையில் விழுந்தன.

"டிஸ்பிளே மாத்தத்தானே குடுத்தேன்? என் போன்ல இன்னாடா பண்ணி வெச்ச?"

"இன்னாம்மா பேசற? ஒண்ணுமே பிரியலியே!" நாற்பது வயது மனிதன் வெலவெலத்துப் போனான். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எப்படிச் சொல்வாள்? காலையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், கண்டெய்னர் லாரிகளை எடை போடும் மேடையில் அவள் வேலைக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. நாற்பது விநாடிதான். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் புருஷன் வெற்றியோடு போன மாதம் வீடியோ காலில் அவள் பேசியது. புருஷனைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாத கோலம்.

திரை முழுக்க அவள்தான். மூலையில் வெற்றியின் முகம் இருந்த சின்னக் கட்டத்தில் மட்டும் கறுப்பு அடித்திருந்தார்கள். அவன் மானமாவது தப்பித்ததே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

கீழே ஒரு வரி: 'நாளைக்குள் பத்து லட்சம். இல்லையென்றால் உன் ஆபீஸ் குரூப்பில் போடுவேன்.'

வெற்றிக்குத்தான் முதலில் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"எவனோ உன் போன்ல பூந்து எடுத்துக்கீறான் பிரியா. அந்த மொபைல் கடக்காரன் வேலதான், வேற யாரு? போலீசுக்கு மட்டும் போவாத. வெளிய தெரிஞ்சா ஒருத்தர் மூஞ்சிலயும் முழிக்க முடியாது. உங்கம்மா எழுதி வெச்ச வூடு கீதே, அத்த வித்தாவது இந்தப் பீடைய ஒழிச்சிக்கலாம்."

வீட்டை விற்கவும் அவள் தயாராகிவிட்டாள். ஆனால் விமலை நாலு வார்த்தை கேட்காமல் விட மனசு வரவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே திருவொற்றியூருக்கு வந்திருந்தாள்.

அவள் அழுதுகொண்டே மென்று விழுங்கிச் சொன்னதும் விமலின் முகம் மாறியது. கடையின் ஷட்டரை இறக்கினான்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீதுங்கம்மா. நான் எடுத்திருந்தா உள்ள போறேன். வா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போலாம்."

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜானட் அவளுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காசு ஏதாவது அனுப்பினீங்களா?"

"இல்ல மேடம்."

"அனுப்பாதீங்க. எதையும் அழிக்காதீங்க. அவனுக்கு ஒரு வார்த்தைகூட பதில் போடாதீங்க. அப்புறம், இப்படிக் குனிஞ்சு உக்காராதீங்கம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

வீடியோவை அவர் ஒரே தடவைதான் பார்த்தார். பார்த்துவிட்டு, விமலை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகு தன் சொந்த போனை எடுத்து மோகனப்ரியாவுக்கு வீடியோ கால் போட்டார்.

"எடுங்க. உங்க போன்ல பெருசா யாரு தெரியறாங்க?"

"நீங்கதான் மேடம்."

"நீங்க?"

"மூலைல. சின்னதா."

"இப்ப இதப் பாருங்க." ஜானட் தன் போனை மேஜை மேல் அவள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். அதில் திரை முழுக்க மோகனப்ரியா. கலைந்த தலையும் அழுது வீங்கிய கண்களுமாக அவளையே அவள் பார்த்தாள்.

ஜானட் காலைத் துண்டித்தார்.

மோகனப்ரியா அந்த வீடியோவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் போனில் புகுந்து எடுத்திருந்தால் திரை முழுக்க வெற்றியின் முகமல்லவா இருந்திருக்கும்?

'ஒரே ஒரு தபா, பிரியா' என்று ஒரு மாதமாகக் கெஞ்சிய குரல் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமாகப் பிரிந்து கிடக்கிற மனுஷன், பாவம் என்று அவள்தான் இரங்கிப் போனாள்.

மேஜை மேல் அவள் போன் அதிர்ந்தது. திரையில் வெற்றியின் பெயர். வீட்டை வாங்க ஆள் பார்த்தாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அடித்து ஓயும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜானட் பேனாவைத் திறந்து வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா. யாரு மேல கம்ப்ளைண்ட்?"

துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மோகனப்ரியா நிமிர்ந்தாள்.

"எம் புருஷன் மேல."