முத்துக்கனி சொல்லாத மாத்திரை

முத்துக்கனி காதில் ஒரு சேதி விழுந்தால், துறைமுகத்தில் கண்டெய்னர் இறங்குவதற்குள் அது தெரு முழுக்க இறங்கிவிடும். பால்துரை அண்ணாச்சியின் சர்க்கரை முதல் எல்லோர் வியாதியும் அவளுக்கு மனப்பாடம். தன் நெஞ்சு தாறுமாறாகத் துடிப்பதற்கு ஆறு மாதமாக விழுங்கும் மாத்திரையை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வரன் பேசியிருந்தார்கள். நெஞ்சுநோய்க்காரி மகளை எவன் கட்டுவான்?

இருமலுக்காக ஒருநாள் தெருக்கோடி டாக்டரிடம் போனாள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயும் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுதியளா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எனக்கென்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன்."

பேச்சித்தாய் பதறி எழுந்தாள். "சிஸ்டர், மதினி நெஞ்சுத் துடிப்புக்கு மாத்திரை எடுக்காவ. அதோட சேராத மருந்தக் குடுத்தா உசுருக்கே ஆபத்து. டாக்டர்ட்ட சொல்லிருங்க."

நர்ஸ் உள்ளே ஓடினாள்.

"ஏளா, உனக்கு யாரு சொன்னா?"

"பெரியாஸ்பத்திரில ஈசிஜி எடுக்க நின்னியள்லா? தெருவுக்கே தெரியும் மதினி."

"அய்யோ, மாப்பிள்ளை வீட்டுக்கு?"

"அவுக நேத்து வந்து விசாரிச்சாவ. பொண்ணு தங்கம்னு மட்டும் சொன்னேன். பால்துரை அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாவளாம். உங்க நோவு நமக்குள்ள இருக்கட்டும்."

முத்துக்கனி தலை நிமிரவில்லை. போன தையில் பேச்சித்தாய் மகளைப் பற்றி விசாரிக்க வந்தவர்களை வலியக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று சொல்லி அனுப்பியவள் முத்துக்கனிதான்.