தீனித் தட்டில் ஓர் இடம்

செவலையும் புள்ளியும் ஒரே அடையில் பொரிந்த அக்கா தங்கைக் கோழிகள். சந்தையிலிருந்து ஒரே பையில் புது வீட்டுக்கு வந்தார்கள். பழைய கோழிகள் பார்த்துப் பழகட்டும் என்று இருவரையும் சில நாள் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்திருந்து, பிறகு திறந்துவிட்டார்கள். அப்படியும் தீனித் தட்டை நெருங்கினாலே கொத்து விழுந்தது. பசியில் செவலைக்குக் கால் தள்ளாடியது.

கூட்டத்தின் மூத்தவள் கருப்பி அவளைக் கூப்பிட்டாள்.

"ஏய் சந்தைக்காரி, உனக்கு வேணா இடம் தரலாம். அந்த நோஞ்சானும் கூடவே வருவாளோ?"

"அவ என் தங்கச்சிக்கா."

"அப்ப ரெண்டு பேரும் அங்கேயே மண்ணைக் கிளறுங்க."

அந்த நேரம் பார்த்து, குருணை வாசத்துக்குப் புள்ளி மெல்லக் கிட்டே வந்தாள். எல்லாக் கோழிகளும் செவலையையே பார்த்தன. செவலை ஓங்கி ஒரு கொத்து வைத்தாள். தங்கையின் கொண்டையில் ரத்தம் துளிர்த்தது.

"ம், தேறிடுவா," என்று கருப்பி நகர்ந்து இடம் விட்டாள்.

வயிறு நிறைந்ததும் செவலை கொஞ்சம் குருணையைக் கவ்விக்கொண்டு வேலியோரம் போய், தங்கையின் முன்னால் போட்டாள்.

"தின்னுடி."

பழைய கோழிகளைக் கண்டால் ஒதுங்குவதுபோலவே புள்ளி தலையைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றாள்.

"நீங்க தின்னு முடிங்க. மிச்சம் இருந்தா நான் பொறுக்கிக்கிறேன்."