கோபிநாத்தின் சிரிப்பு

பால் சொசைட்டிக்கு முன்னால் பைக்கில் காத்திருந்த மோகனசுந்தரத்துக்கு வயிறு எரிந்தது. உள்ளே அவர் மனைவி தமிழ்ப்ரியாவிடம், பால் பரிசோதிக்கும் கோபிநாத் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளை ஏற்றிக்கொண்டு மீனாட்சிபுரம் கடைவீதியைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"அவனுக்கு என்ன அத்தன சிரிப்பு?"

"யாருக்குங்க?"

"அந்தக் கோபிநாத்துக்குத்தான். காலைல உனக்கு முன்னாடியே வந்து நிக்கறான். சாயங்காலம் போகச் சொன்னாலும் போறதில்ல. அப்படி என்னத்தக் குடுத்து மயக்குனே?"

"ஏனுங்க, பொறாமையா?"

பைக்கை ஓரங்கட்டினார். "ஆமா, பொறாமைதான்! போன வருஷம் வரைக்கும் அதே சேர்ல நாந்தான பிரசிடெண்டு? ஒரு நாளாவது என்னப் பாத்துச் சிரிச்சிருப்பானா? வேலைக்கே வேண்டாவெறுப்பா வருவான். நீ பிரசிடெண்டானதும் எப்படி மாறுனான்?"

"உனக்கு என்ன கொறைன்னு அவங்கிட்டக் கேட்டேனுங்க, அவ்வளவுதான். முந்தியெல்லாம் யாரு பால்லயாவது கொழுப்புக் கொறைஞ்சா, அவங்க ஊட்டுக்கே போயி மாட்டுத் தீவனத்தப் பாத்து யோசனை சொல்லுவானாமா. ஊரே பிரசிடெண்ட உட்டுட்டு அவனத்தான் தேடுச்சாமா. அப்புறம் போகக் கூடாதுன்னு பிரசிடெண்டு உத்தரவு போட்டாராமா. நான் மறுபடி போகச் சொன்னேன்."

மோகனசுந்தரம் பைக்கைக் கிளப்பினார்.

"எதுக்கு அப்படி ஒரு உத்தரவுன்னு கேட்டேன்; தெரியலீங்கன்னுட்டான்," என்றாள் தமிழ்ப்ரியா. "நீங்கதான் இப்பச் சொல்லீட்டீங்களே."