கொட்டிய டீ

"டீயைக் கொட்டினது யாருலே?"

முப்பிடாதியின் குரல் கேட்டு ஒத்திகை பாதியில் நின்றது. மன்றத்தின் பின்வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு டம்ளர் டீ கொட்டிக் கிடந்தது. பக்கத்துக் குட்டிச்சுவரில் மற்றவர்களின் டம்ளர்கள் நிறைந்தபடியே ஆறிப்போய் இருந்தன.

"நாந்தான் அண்ணாச்சி. கை தட்டிட்டு" என்றான் பிரின்ஸ். நாளைய நாடகத்தின் கதாநாயகன் அவன்தான். சுரண்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

கை பட்டு விழுந்தால் டீ சிதறும். இது நிதானமாகக் கவிழ்த்த டீ. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இதுகூடவா தெரியாது? முப்பிடாதி அவனையே பார்த்தார். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது அந்த நாடக மன்றம். கொரோனா இரண்டாவது அலை அடங்கி, பாதி நாற்காலிகளுக்கு மட்டும் ஆள் விடலாம் என்று இப்போதுதான் அனுமதி வந்திருந்தது. செயலாளர் என்ற முறையில் முப்பிடாதி போட்ட சட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார். காய்ச்சல் பார்க்கிற கருவியோடு வாசலில் தானே நின்றார். உள்ளே வந்ததும் எல்லோரும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்க வேண்டும். டீயைக்கூட ஒவ்வொருவராகப் பின்வாசலுக்குப் போய், மாஸ்க்கைக் கழற்றிக் குடித்துவிட்டு வர வேண்டும். முதல் டம்ளர் அவருக்கு. அதைக் குடித்துவிட்டு அவர் வாசலுக்குப் போன பிறகுதான் மற்றவர்களுக்கு.

காலையில் கபசுரக் குடிநீர் குடிப்பதிலும் அவர்தான் முதல் ஆள். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தவர், இந்த வாரம் பச்சைத் தண்ணீர் மாதிரி மடமடவென்று குடித்துவிட்டு, எல்லாம் பழக்கம்தான் என்று பெருமையடித்துக்கொண்டார்.

அவர் இப்படிக் கெடுபிடி செய்வதற்குக் காரணம், மேடை ஓரத்தில் வேட்டி போர்த்தி வைத்திருந்த ஆர்மோனியம். இடையில் ஒருமுறை மன்றத்தைத் திறந்தபோது, சாதாரணச் சளிதான் என்று சொன்ன ஒருவனை நம்பி முப்பிடாதி உள்ளே விட்டார். அவன் பிழைத்துக்கொண்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பலவேசம், ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவே இல்லை. கடைசியாக அவர் முகத்தைக்கூட ஆஸ்பத்திரியில் யாருக்கும் காட்டவில்லை.

மறுபடி யாருக்காவது வந்தால் மன்றத்தை நெல் குடோனுக்கு விட்டுவிடுவதாகக் கட்டிடத்தின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். முப்பிடாதிக்கு அதுகூடப் பெரிதில்லை. இன்னொரு ஆளைத் தூக்கிக் கொடுக்க அவருக்குத் தெம்பில்லை.

அதனால்தான் பிரின்ஸ் மேல் சந்தேகம் வலுத்தது. கருவியில் அவனுக்குச் சூடு இல்லை, சரி. சூடு இல்லாமலும் வருமே. டீ நேரத்துக்குப் பிறகு அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சங்கரேஸ்வரியிடம் மட்டும் ஏதோ குசுகுசுத்தான். அவள் நாடகத்தில் தாய் வேஷம் போடுகிறவள். டீ போடுகிற பொறுப்பும் அவளுடையதுதான். முப்பிடாதி கிட்டே போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நாலடி பின்னால் நகர்ந்தார்கள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

திடீரென்று அவருக்குப் பொறி தட்டியது. நாக்கில் ருசி போனவனுக்கு டீ எப்படி இறங்கும்? அதுதான் கொட்டியிருக்கிறான். அவன் நின்ற இடத்தில் மாஸ்க்கைக் கழற்றப் பயந்துதான் மற்றவர்கள் டம்ளரைத் தொடவில்லை.

"பிரின்ஸு, நேராக் கேக்கேன். ஒனக்கு நாக்குல ருசி தெரியுதாலே?"

"தெரியுது அண்ணாச்சி."

"அப்ப அந்தா இருக்க டீயை எடுத்து, இங்கன என் கண்ணு முன்னால குடி."

பிரின்ஸ் அசையவில்லை. சங்கரேஸ்வரி முந்திக்கொண்டு, அதைக் குடிக்க வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, நீயும் சேந்து மறைக்குதியா? பலவேசம் செத்தது பத்தாதா?"

அவள் கண் கலங்கியது. முப்பிடாதிக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஒன்று இவன் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நாடகமே வேண்டாம். விறுவிறுவென்று குட்டிச்சுவருக்குப் போனவர், அங்கே இருந்த டம்ளர் ஒன்றை எடுத்தார்.

"அண்ணாச்சி, வேண்டாம்" என்று பிரின்ஸ் ஓடி வந்தான்.

அதற்குள் அவர் தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டார். காலி டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார்.

"காலையில இதே டீயைத்தான் குடிச்சேன். இப்பவும் குடிச்சிட்டேன். கொட்டுத அளவுக்கு இந்த டீயில என்னலே குறை?"

சங்கரேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தொண்டை கொப்பளிக்க நீங்க வாங்கி வச்ச உப்பு, அதைச் சீனின்னு நெனச்சு அள்ளிப் போட்டுட்டேன் அண்ணாச்சி. இவன் ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிட்டான். நீங்க ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சிட்டுப் போயிருக்கிய. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் எல்லாரும் தள்ளித் தள்ளி நிக்கோம்."

முப்பிடாதி மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். பலவேசத்தின் ஆர்மோனியம் இருந்த பக்கம் திரும்பாமல் நடந்து, தானே வெளியே போய்க் கேட்டைச் சாத்தினார்.