ஒன்பது நாற்பத்தேழு

வாயைத் திறந்தால் கப்பல் அவர் கைக்கு வந்துவிடும்.

கடற்படையில் அதுதான் முறை. சுக்கான் பிடிப்பவருக்கோ எஞ்சினுக்கோ கேப்டன் ஒரே ஒரு உத்தரவு கொடுத்தால் போதும். அந்த நிமிடத்திலிருந்து கப்பலை ஓட்டுகிறவர் அவர். அதுவரை ஓட்டியவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மணி பார்த்து, கப்பலில் நடப்பதையெல்லாம் குறிக்கும் லாக் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேப்டனைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாத நாற்காலி.

முன்னால், கண்ணாடியை ஒட்டி, லெப்டினன்ட் ஃபெலிசியா நின்றுகொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. இன்று காலை கப்பல் அவள் கையில். அவர்தான் கொடுத்தார்.

துறைமேடை நெருங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் வேகமாகவே.

மேடையில் வெள்ளை உடுப்பில் பேண்டு வாத்தியக்காரர்கள். வரவேற்க ஓர் அட்மிரல். அவருக்குப் பக்கத்தில் கேமராக்கள்.

இதே துறையில் கேப்டன் நாற்பது முறையாவது கப்பலைக் கொண்டுவந்து கட்டியிருப்பார். பேசிக்கொண்டே கட்டுவார்.

இருபத்தெட்டு ஆண்டுச் சேவை. ஐந்து கப்பல்கள். மார்பில் பதினோரு பதக்க நாடாக்கள். அதில் ஒன்று, புயலில் கவிழ்ந்த சரக்குக் கப்பலிலிருந்து பத்தொன்பது பேரைத் தூக்கிக் காப்பாற்றியதற்காக, குடியரசுத் தலைவர் கையால் வாங்கியது.

வெள்ளிக்கிழமை பதவி உயர்வுப் பட்டியல். தன் பெயர் அதில் இருப்பது அவருக்குத் தெரியும். புது உடுப்புக்குத் தையற்காரர் அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கப்பல் இடித்தால் பெயர் இருக்காது. யார் ஓட்டினாலும் பொறுப்பு கேப்டனுடையது.

ஒரு வார்த்தை சொன்னால் இடிக்காது.

ஆனால் அவளிடமிருந்து கப்பலைக் கேப்டன் வாங்கிக்கொண்டார் என்று லாக்கில் ஏறும். அவள் எந்தக் கப்பலுக்கு மாற்றலாகிப் போனாலும், அந்த வரி அவளுக்கு முன்னால் போய் இறங்கியிருக்கும்.

பின்னால் பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது.

லாக் எழுதுகிற மலைச்சாமி. ராமநாதபுரத்துக்காரர். இந்தக் கப்பலில் கேப்டனுக்கு நிகராகச் சேவை ஆனவர் அவர் ஒருவர்தான்.

"சார்," என்றார் மலைச்சாமி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "மணி ஒம்பது நாப்பத்தேழு."

மணி என்ன என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

பேசுங்கள் என்கிறார். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கப்பல். சுக்கானில் மலைச்சாமி. ஃபெலிசியா நிற்கிற இடத்தில், இளம் லெப்டினன்டாக, இவர். இதே போன்ற நாற்காலியில் கேப்டன் பொன்னப்பா. இதே வேகம். பொன்னப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இடித்தது.

விசாரணையில், "என் கப்பல்," என்பதற்கு மேல் பொன்னப்பா எதுவும் சொல்லவில்லை.

அவர் கேப்டனாகவே ஓய்வு பெற்றார். அவர் மார்பில் நான்கு நாடாக்கள்.

நான்குக்கும் பதினொன்றுக்கும் நடுவே அந்த ஒரு காலைதான்.

இப்போது மேடையின் தொடக்கத்தில் கயிறு கட்டும் மஞ்சள் குற்றி தெரிந்தது. அதுவரை பார்ப்போம் என்று வைத்துக்கொண்டார். அதைத் தாண்டிவிட்டால் தன்னாலும் நிறுத்த முடியாது என்பது அவர் கணக்கு.

குற்றி வந்தது.

அவள் தோள் அசையவில்லை.

அவர் நாக்கு நுனிக்கு வார்த்தை வந்துவிட்டது.

காப்பிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார்.

ஆறிப்போயிருந்தது. கீழே வைக்காமல் முழுதும் குடித்தார்.

குற்றி பின்னால் போயிற்று.

"ரெண்டு எஞ்சினும் ரிவர்ஸ். முழு வேகம்."

ஃபெலிசியாவின் குரல். நடுக்கம் இல்லை.

தளம் அதிர்ந்தது. கோப்பை தட்டில் கடகடத்தது. பின்பக்கம் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. மேடையில் முன்வரிசை இரண்டடி பின்வாங்க, டிரம் அடிப்பவர் ஒரு தாளத்தை விட்டார்.

பக்கவாட்டில் தொங்கிய ரப்பர் மெத்தை ஒருமுறை முனகியது.

அவ்வளவுதான். கயிறுகள் பறந்தன.

ஃபெலிசியா திரும்பினாள். காலர் நனைந்திருந்தது.

"லேட்டா சொல்லிட்டேன் சார்."

"ஆமா," என்றார். "கொச்சியில சீக்கிரம் சொல்லுங்க."

கொச்சி அடுத்த துறை. அவளுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று.

மலைச்சாமி மட்டும் நகராமல் நின்றார். லாக் புத்தகம் திறந்தபடி கையில்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். எப்படியும் பேசிருவீகன்னு நெனச்சு, எழுத ஆரம்பிச்சுட்டேன்."

நீட்டினார்.

09.47. கேப்டன்

அதோடு நின்றிருந்தது.

லாக் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. அடித்தால், ஏன் அடித்தோம் என்று பக்கத்திலேயே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கத்தை எல்லோரும் படிப்பார்கள்.

"நம்பல, இல்ல?" என்றார் கேப்டன்.

"போன தடவை இடிச்சப்ப சுக்கான் பிடிச்சது நான்ல சார்."

கீழே விசில் ஊதினார்கள். அட்மிரல் படியேறிக்கொண்டிருந்தார். முதலில் லாக் புத்தகத்தைத்தான் கேட்பார்.

கேப்டன் பேனாவை வாங்கினார். எதையும் அடிக்கவில்லை. மலைச்சாமி விட்ட இடத்திலிருந்து, அதே வரியில், நிதானமாக எழுதி முடித்துக் கையெழுத்திட்டார்.

09.47. கேப்டன் காப்பி குடித்தார்.