பதினோரு நிமிஷம்

“பதினோரு நிமிஷம் நான் வாயே திறக்கலைங்க!”

அழகிரி இப்படிச் சொன்னதும், புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையே குலுங்கிச் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? முப்பத்திரண்டு வருஷம் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிக்கிற பேச்சு ராஜகோபுரம் வந்தும் முடியாது. அவர் ‘ரைட்’ கொடுத்தால் காவிரிப் பாலத்துப் புறாக்கள் திருவானைக்காவலுக்குக் குடிபோய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி என்றாலும் எந்தப் பல் என்று டாக்டரிடம் சொல்வது அழகிரிதான்.

அன்று காலை ஆட்டோவில் மனைவி கலைமதியிடம் சொன்னார், “இன்னைக்கு உள்ள நீயே பேசு. நான் பேச மாட்டேன்.”

“நீங்களா? அப்படி நடந்தா படுத்திருக்கிற ரெங்கநாதரே எந்திரிச்சு உக்காந்துடுவாரு.”

உள்ளே, டாக்டர் சுபஸ்ரீ ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கலைமதியின் இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி.

“கட்டியை எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தா போதும். அக்குள் கிளாண்ட்லயும் முதல் ரெண்டு மூணை மட்டும் டெஸ்ட் பண்ணுவோம். அதுல ஒண்ணும் இல்லேன்னா மத்ததைத் தொட வேண்டாம். நீங்க என்னம்மா சொல்றீங்க?”

கேள்வி கலைமதிக்கு. பதில் அழகிரியின் தொண்டையில் வந்து நின்றது.

எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்.

கலைமதியின் அண்ணன் பிச்சமுத்து வாசலிலேயே சொல்லி அனுப்பிய வாசகம் அது. நியாயம்தானே? கொஞ்சம் விட்டுவைத்து, அந்தக் கொஞ்சத்திலிருந்தே மறுபடி முளைத்துவிட்டால்?

அழகிரி சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பழைய பித்தளை விசிலைப் பிடித்து நெரித்தார். அது அன்றைக்குச் சப்பட்டையாகிவிட்டது.

கலைமதி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்து முள் ஒவ்வொரு கோட்டிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த கோட்டுக்குப் போனது. நாலு நிமிஷம். ஆறு.

“மிச்சம் வச்சா உயிருக்கு ஆபத்து கூடுமா டாக்டர்?”

“உங்க கட்டிக்கு, ரேடியேஷனும் சேர்த்தா, முழுசா எடுக்கிறதும் இதுவும் ஒண்ணுதாம்மா.”

“தையல் மிஷின்ல உக்காரலாமா?”

“தாராளமா.”

ஒன்பது நிமிஷம். பத்து. அழகிரியின் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. கடித்துக்கொண்டார். உப்புக் கரித்தது.

“அப்ப அவ்வளவு மட்டும் எடுங்க,” என்றாள் கலைமதி.

வியாழக்கிழமை ஆபரேஷன்.

டீக்கடையில் சிரிப்பு அடங்கவில்லை. அழகிரியும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் அறையில், அவருடைய அக்கா செல்லக்கிளியிடம் ஒரு டாக்டர் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே அழகிரி பதில் சொல்லிவிட்டார். ஒண்ணு விடாம எடுத்துடுங்க. அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். அக்குள் கிளாண்ட் மொத்தமும் போனதால் வீங்கிய வலது கையிலிருந்து வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் கையால் இன்றுவரை அவள் தலை சீவியதில்லை.

கலைமதி டம்ளரைக் கீழே வைத்தாள். சிரித்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

“நெசந்தாங்க. வாயே திறக்கலை. நம்பாட்டி கோயிலுக்குப் போய்ப் பாருங்க, ரெங்கநாதர் உக்காந்திருப்பாரு.”